தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

தன் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு பன்றி வயிற்றுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் திரவியத்திடம் யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவர் சொன்ன ஆளுக்கே குழாய் விட்டுப் பார்த்திருப்பார். அதுவும் நான்காவது ஆளாக. அதுவும் ராஜபாளையம் காசிவேலுவுக்குப் பின்னால், காசிவேலுவின் பிடரியில் வழிகிற தேங்காய் எண்ணெயையும் காலருக்குள் சலவைக்கடைக்காரன் குத்திவிட்ட நம்பர்த் துண்டையும் பார்த்துக்கொண்டு. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஹால் இது. மதுரையில் ரிங் ரோட்டை ஒட்டிய ஹோட்டலில் மூன்றாவது மாடி. மேடைச் சுவரில் யாருடைய வரவேற்புக்கோ செய்த தெர்மாகோல் மயில் ஒன்று பாதி பிய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஆறு மேசை, மேசைக்கு ஒரு டிரே, டிரேக்கு ஒரு பன்றி வயிறு, அதைச் சுற்றி ஐந்தைந்து டாக்டர்கள். தென் மாவட்டத்து வயிற்று டாக்டர்கள் எல்லாரும் கழுத்தில் ஆளுக்கொரு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, கசாப்புக் கடையில் ஈரலுக்கு நிற்கிற கூட்டம் போல நின்றார்கள். நேற்று முழுக்க பெரிய திரையில் வித்தை காட்டினார்கள். வயிற்றின் உள்தோலில் கிளம்புகிற புற்றை, அது ஆழம் போவதற்கு முன்னால், வாய் வழியாக விட்ட ஸ்கோப் குழாயின் நுனிக் கத்தியாலேயே தோலோடு உரித்து எடுக்கிற வித்தை. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், பாதி இரைப்பையை வெட்டிப்போட வேண்டாம். உள்தோலுக்கு அடியில் நீல மருந்துத் தண்ணீரை ஊசியால் ஏற்றினால் அந்த இடம் ஆப்பம் போல உப்பும். உப்பியதைச் சுற்றிக் கீறி, அடியில் புகுந்து, இழை இழையாக அறுத்துத் தூக்க வேண்டும். கத்தி மயிரிழை கீழே இறங்கினால் ஓட்டை. இவ்வளவுதான் சங்கதி. இதற்கு இரண்டு நாள், மூன்று வேளை சாப்பாடு, ஒரு தோள்பை, ஒரு பேனா, கடைசியில் ஒரு சர்ட்டிபிகேட். கருகிய இறைச்சி வாடை ஹால் முழுக்கச் சுற்றியது. இன்றைக்கு மத்தியானம் எவனுக்கும் மட்டன் இறங்காது என்று நினைத்துக்கொண்டார். பிறகு, இறங்கும், இவன்களுக்கு எது இறங்காமல் போயிருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டார்.

இந்த மேசைக்குப் பயிற்சியாளர் ஜெபசெல்வி. டாக்டர் ஜெபசெல்வி. அந்த டாக்டர் பட்டத்தை அவள் பேரோடு மனசுக்குள் ஒட்டவைக்க அவருக்கு இன்னும் சிரமமாக இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் இவர் ஸ்கோப் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று, துணுக்கு எடுக்கிற பயாப்சி இடுக்கியை நீட்டிய ஜூனியர், நாசரேத்துப் பெண். நீட்டுவதற்கு முன் ஒரு தடவை, நீட்டிய பின் ஒரு தடவை, "சார், சரியா சார்?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் ஜப்பானுக்குப் போனாள். ஒரு வருஷம். முதல் நாலு மாசம் கத்தியைத் தொடவே விடவில்லையாம், வெறுமனே வேடிக்கை பார்க்கச் சொன்னார்களாம், இவளும் பார்த்தாளாம். இதை ஒரு பெருமையாக நேற்று மேடையில் வேறு சொன்னாள். நாலு மாசம் வேடிக்கை பார்க்கவா விமானம் ஏறிப் போவார்கள்? திரவியம் யாரிடமும் வேடிக்கை பார்த்துப் படித்தவர் இல்லை. அவர் படித்த காலத்தில் டிவி கிடையாது, ஸ்கோப்பின் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, பெரிய டாக்டர் நகரும்போது கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் பார்த்ததுதான் பாடம். மற்றதெல்லாம் கை தானாகக் கற்றுக்கொண்டது. இந்த வலது கை. நாற்பதாயிரம் வயிறு பார்த்த கை. இப்போது அதைப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஜெபசெல்வி ஒரு அட்டையில் தாள்களைச் செருகி வைத்திருந்தாள், ஆளுக்கு ஒரு தாள், தாளில் மூன்று கட்டம். தனியாகச் செய்யலாம். பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்யலாம். இன்னும் பழக வேண்டும். ஒவ்வொருவர் முடித்ததும் அவள் ஒரு வேலை செய்தாள். பிளாஸ்டிக் மக்கில் நீலத் தண்ணீரை அள்ளி அந்தப் பன்றி வயிற்றுக்குள் ஊற்றி, வயிற்றை டிரேயிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தாள். பானை வாங்குகிறவள் போல. சொட்டவில்லை என்றால் முதல் கட்டமோ இரண்டாம் கட்டமோ. சொட்டினால் மூன்றாவது. அதன் பிறகு அந்த வயிற்றைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் புதிய வயிறு. டாக்டர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது, ஐம்பது வயசு ஆண்பிள்ளையை வரிசையில் நிற்க வைத்து உன் பானை ஒழுகுகிறது என்று சொல்வது? சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தம் வேறு. அந்த வருத்தத்தைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை.

அவர் வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற பாளையங்கோட்டையில், பைபாஸில் புதிதாக முளைத்த கண்ணாடி ஆஸ்பத்திரிதான் காரணம். அங்கே மீசை சரியாக முளைக்காத ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸில் சிரிக்கிறான். ஊரில் இறங்குகிறவன் எல்லாம் முதலில் அந்தச் சிரிப்பைத்தான் பார்க்கிறான். பிறகு போன மாசம் அவருடைய ஸ்கோப்பில் அது மாட்டியது. சுரண்டைப் பக்கத்திலிருந்து நெஞ்செரிச்சல் என்று வந்த ஒரு அம்மா, ஏதோ பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். இரைப்பையின் கீழ் வளைவில் ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு இடத்தில் மட்டும் பளபளப்பு குறைந்திருந்தது, எண்ணெய்த் தாளை யாரோ விரலால் தேய்த்தது போல. இரண்டு சென்டிமீட்டர் இருக்காது. வேறு எவனாக இருந்தாலும் புண் என்று மாத்திரை எழுதி அனுப்பியிருப்பான். அந்த மீசையில்லாதவன் நிச்சயம் அனுப்பியிருப்பான். இவர் நின்றார், பார்த்தார், துணுக்கு எடுத்து அனுப்பினார், புற்று என்று வந்தது. ஆரம்பம், உள்தோலோடு நிற்கிறது. அந்த இரண்டு சென்டிமீட்டர் இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது, அதன் ஓரம் எங்கே வளைகிறது, எங்கே சின்னதாக ஒரு பள்ளம், எல்லாம். அந்த அம்மாவின் பேர்தான் வரவில்லை. செல்லம்மா? இல்லை. ஏதோ சாமி பேர். பேச்சியம்மா? அதுவும் இல்லை. சொல்லியிருக்கிறாள், அவரே சீட்டில் எழுதியிருக்கிறார். ஆபரேஷன் என்றால் பாதி இரைப்பை போகும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். மதுரையில் ஜெபசெல்வி என்று ஒருத்தி இருக்கிறாள், இதை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறாள், சீட்டு எழுதித் தருகிறேன், போய்ச் செய்துகொள் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் சொல்லவில்லை. "புதுசா ஒரு முறை வந்திருக்கும்மா, கத்தி வைக்காம நானே எடுத்துடுறேன்" என்றார். அவள், "நீங்க சொன்னா சரிதான் அய்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கே அவர் ஆஸ்பத்திரி மேனேஜர் ஃப்ளெக்ஸுக்கு வாசகம் எழுதிக்கொண்டு வந்து நின்றான், மாவட்டத்திலேயே முதன்முறையாக என்று. அதில் திரவியமும் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த அம்மாவுக்கு நேரம் குறித்தாகிவிட்டது. இன்றைக்குப் பன்றி, நாளைக்கு அவள். இது இங்கே யாருக்கும் தெரியாது, காசிவேலுவுக்குத் தெரியாது, ஜெபசெல்விக்கும் தெரியாது. இந்த ஹாலில் யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் ரோஸ்லின். "சார், நாளைக்குச் செய்யுற சுரண்டை அம்மா இன்னைக்கே வந்து உக்காந்துட்டாவ சார். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. இன்னைக்கு ராத்திரியில இருந்துதான் பட்டினி கெடக்கணும்னு எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்காவ. வயிறு சுத்தமாக் கெடந்தா டாக்டருக்குக் கை வேலை லேசா இருக்கும்லா, அப்படிங்காவ." அவருக்குச் சிரிப்பு வந்தது. பட்டினியால் லேசாகிற வேலையா இது? முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள், தன் வயிற்றையும் விளக்கிக் கவிழ்த்த அண்டா என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "சரி, குளுக்கோஸ் தண்ணி ஏதாவது குடிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் பேரைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. ரோஸ்லினும் சுரண்டை அம்மா என்றுதான் சொல்கிறாள். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படித்தானே அவளும் சொல்லுவாள். உடையாச்சி? இல்லை. நாக்கு நுனியில் இருக்கிறது, அது இறங்க மாட்டேன் என்கிறது. விடு.

இப்போது காசிவேலு ஸ்கோப்பை உள்ளே விட்டான். அவன் வேலை செய்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். நாக்கை வாய் ஓரத்தில் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் தடவை பேனா பிடிக்கிறவன் போல, ஒரு நேரம் வலதுகால் கட்டைவிரலில் நிற்கிறான், ஒரு நேரம் இடதுகால் கட்டைவிரலில் நிற்கிறான். ஒரு இழை அறுப்பதற்கு ஒரு யுகம். "மேடம், இது தசையா மேடம், இங்க வெட்டலாமா மேடம்" என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி, மானம் வெட்கம் எதுவும் கிடையாது. ஜெபசெல்வியும் சளைக்காமல், "கொஞ்சம் பின்னால வாங்க சார், நீலம் தெரியுற எடத்துல மட்டும் வெட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிக்க முப்பத்தைந்து நிமிஷம். முடித்துவிட்டு அவன் வேர்வையைத் துடைத்தான், அவள் மக்கை எடுத்தாள், ஊற்றினாள், தூக்கினாள். சொட்டு. பிறகு இன்னொரு சொட்டு. "போச்சா!" என்று காசிவேலு சத்தமாகச் சிரித்தான். "பன்னி பரலோகம் போயிருச்சு மேடம்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள், அவன் அந்தத் தாளை வாங்கி ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். திரவியத்தின் பக்கம் திரும்பி, "நாலாவது வருசம் அண்ணாச்சி. நாலு தடவையும் ஒழுகிருச்சு. ஆனா போன தடவைக்கு இந்தத் தடவை ஓட்டை சின்னது, பாத்தீங்களா?" என்றான். ஓட்டையின் அளவில் முன்னேற்றம் காண்கிற முதல் டாக்டர் இவன்தான். நாலு வருஷம் ஒரே பாடத்தில் அரியர் வைத்தவன் கூட வெளியே சொல்ல மாட்டான். இவனிடம் எவன் நம்பி வயிற்றைக் கொடுக்கிறான் என்று யோசித்தார். கொடுக்கிறார்கள்தான். ராஜபாளையத்தில் இவன் கிளினிக் வாசலில் எப்போதும் கூட்டம்.

சொட்டு என்றதும் அவருக்கு ஏன் சண்முகையா ஞாபகம் வர வேண்டும்? வேண்டாம் என்றால் வருகிறது. கோவில்பட்டி சண்முகையா, தீப்பெட்டி ஆபீஸ் ஃபோர்மேன். செத்தவன் பேர் மட்டும் தண்ணீர் மாதிரி வருகிறது, உயிரோடு பட்டினியாகக் காத்திருக்கிறவள் பேர் வரவில்லை. சொந்தமாக ஸ்கோப் வாங்கிய இரண்டாவது வருஷம். பெருங்குடலில் ஒரு மரு, கம்பி வளையம் மாட்டிச் சுட்டு எடுத்தார், அழகாக வந்தது, பாட்டிலில் போட்டு அவன் அண்ணனிடமே காட்டினார். சாயங்காலம் வயிறு உப்பியிருந்தது. அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "காத்துதான், இறங்கிடும்" என்றார். அப்படித்தான் நினைத்தார். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டார். மறுநாளும் காத்துதான் என்றார். அவர் சொன்னதால் சிஸ்டர் சொன்னாள், டியூட்டி டாக்டர் சொன்னான், எல்லாரும் காத்து காத்து என்றார்கள். அந்தப் பையனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, டியூட்டி டாக்டருக்கு. பின்னால் ஒரு தடவை அவன் சொன்னான், சார் சொன்னபிறகு நான் எப்படி சார் சொல்றது என்று. மூன்றாம் நாள் சர்ஜனைக் கூப்பிட்டுத் திறந்தபோது குடலில் ஓட்டை, உள்ளே எல்லாம் சீழ். ஐந்தாம் நாள் போய்விட்டான். அவன் அண்ணன் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க பாத்ததாலதான் சார் அஞ்சு நாளாவது கெடந்தான்" என்றான். பதினாறு முடிந்ததும் ஒரு டப்பா கடலை மிட்டாய் வேறு கொண்டுவந்து கொடுத்தான். திரவியம் அதை அப்படியே சிஸ்டர்களிடம் கொடுத்துவிட்டார். இன்றுவரை கடலை மிட்டாய் சாப்பிடுவதில்லை, கேட்டால் பல் வலி என்பார். அந்த ஆளின் கும்பிடு மேலும்கூட அவருக்கு ஒரு வெறுப்பு உண்டு. அன்றைக்குச் சட்டையைப் பிடித்திருந்தால் என்ன? பிடித்திருந்தால் இவ்வளவு வருஷம் இது உள்ளே கிடந்து அரித்திருக்காது.

"சார், நீங்க வாங்க சார்" என்றாள் ஜெபசெல்வி. அந்த சார் மட்டும் மற்ற சார்களைவிட ஒரு படி தாழ்ந்து குனிந்தது, அது அவருக்குத் தெரிந்தது, பிடித்தும் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். திரவியம் சார் செய்கிறார். இரண்டு பேர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். ஸ்கோப்பைக் கையில் வாங்கியதும் உடம்பில் இருந்த அலுப்பு எல்லாம் போய்விட்டது, கைக்கு வயசே ஆகவில்லை. புள்ளி புள்ளியாகச் சுட்டு வட்டம் போட்டார், ஊசியால் நீலத்தை ஏற்றினார், உள்தோல் வஞ்சனை இல்லாமல் உப்பியது. சுற்றிக் கீறி அடியில் புகுந்தார். காசிவேலுவைப் போல ஒன்றும் கேட்கவில்லை. இதென்ன பெரிய வித்தை. செத்த பன்றிக்கு ரத்தம் வராது, மூச்சு வாங்காது, இருமாது. பன்றி வயிறு தடிமன் வேறு, மனுஷ வயிறு இவ்வளவு தாங்காது என்று நேற்று மேடையில் எவனோ சொன்னான். அதுகூட ஞாபகம் வந்தது, வந்து போனது. முக்கால்வாசி அறுத்தாகிவிட்டது, தூரத்து ஓரம் மட்டும் பாக்கி. அங்கே கத்தியை அழுத்தினார். சாத்தியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் தள்ளிய கதவு, திறந்தே கிடந்தது போல இருந்தது. ஒரு கணம்தான். கை அதை உணர்ந்தது, அவர் உணர்வதற்கு முன்னால் உணர்ந்தது. ஸ்கோப் வழியாகக் காற்று ஊதி விரித்து வைத்திருந்த வயிறு திரையில் மெல்லத் தளர்ந்து மடிப்பு மடிப்பாக மூடிக்கொண்டு வந்தது. "ஏர் வரலையேம்மா, என்ன மெஷின் வச்சிருக்கீங்க?" என்றார். குரலில் எரிச்சல் சரியான அளவில் இருந்தது. ஸ்கோப் கம்பெனி ஆள் பதறி ஓடிவந்து குழாயை ஆட்டினான், பட்டனைத் தட்டினான். ஜெபசெல்வி திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு கம்பெனி ஆளிடம், "ஏர் கூட்டி வைங்க தம்பி" என்றாள். ஏர் கூடியது, வயிறு விரிந்தது, அவர் மிச்சத்தை அறுத்து முடித்தார். பதினெட்டு நிமிஷம். உரித்த தோலை எடுத்து கார்க் அட்டையில் விரித்து ஓரம் சுற்றிக் குண்டூசி குத்தினார்கள், முழு வட்டம், பிசிறு இல்லை. கை தட்டினார்கள். காசிவேலுதான் ரொம்ப நேரம் தட்டினான்.

மக் மேசையில்தான் இருந்தது. நீலத் தண்ணீர் பாதி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளும் அதைப் பார்த்தாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவள் அதை எடுக்கவில்லை. "நீங்க செஞ்சதுல நான் என்ன சார் பாக்கறது" என்று சிரித்துக்கொண்டே முதல் கட்டத்தில் டிக் போட்டு, தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். தனியாகச் செய்யலாம். கார்க் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மைக்கில் சொன்னதும் ஹால் ஒரே நிமிஷத்தில் காலியானது. புற்றைப் பற்றிப் பேசும்போது இல்லாத சுறுசுறுப்பு பிரியாணி என்றதும் வந்துவிடுகிறது. அவரும் கீழே இறங்கிப் போனார், தட்டை எடுத்தார், மறுபடி காசிவேலுவுக்குப் பின்னால் நின்றார், அதே எண்ணெய்ப் பிடரி, அதே நம்பர்த் துண்டு. எல்லாருக்கும் ஊற்றினாள். முதல் ஆளுக்கு ஊற்றினாள், மூன்றாம் ஆளுக்கு ஊற்றினாள். தனக்கு ஏன் ஊற்றவில்லை? மரியாதை. பதினெட்டு வருஷமாகியும் அவள் சரியா சார் சரியா சார்தான், ஜப்பான் போனாலும் முதுகு நிமிராது. முட்டாள் பெண். ஊற்றியிருந்தால் சொட்டியிருக்காது, அதோடு முடிந்திருக்கும். ஊற்றாததால் அவருக்கு இப்போது தெரியவில்லை. தெரியாது என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். ஏர் போனது மெஷின் கோளாறு, கம்பெனி ஆளே பட்டனைத் தட்டினானே. அவன் எதற்குத் தட்டினான்? சார் சொன்னதால் தட்டினான். காத்துதான், இறங்கிடும். தட்டில் யாரோ ஒரு கரண்டி பிரியாணியும் ஒரு கோழிக்காலும் வைத்தார்கள். முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள் அங்கே பெஞ்சில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டருக்கு லேசாக இருக்கட்டும் என்று. அந்தத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி மாடிப்படி ஏறியபோது, தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹாலில் ஒருவரும் இல்லை. விளக்கைப் பாதி அணைத்திருந்தார்கள். மேசையில் அவருடைய வயிறு அப்படியே டிரேயில் கிடந்தது. கையுறை மாட்டிக்கொண்டார். மக்கை எடுத்து உள்ளே ஊற்றினார், கொஞ்சம் மேசையிலும் சிந்தியது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார், கனத்தது. ஒன்றும் இல்லை. பார்த்தாயா, ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார், ஐந்து வரை வந்தார். ஆறில் அடியில் ஒரு நீலத் துளி திரண்டது. திரண்டு, தொங்கி, அவருடைய ஷூ மேல் விழுந்தது. பிறகு அது துளியாக இல்லை, நூல் மாதிரி நிற்காமல் ஒழுகியது. காசிவேலுவின் ஓட்டை துளித்துளியாகச் சொட்டிய ஓட்டை. இது அதைவிடப் பெரிது.

"சார்."

ஜெபசெல்வி வாசல் பக்கத்து நாற்காலியில், அவர் வந்த வேகத்தில் கவனிக்காத அரை இருட்டில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கூட்டத்தோடு சாப்பிடப் போகிறவள் இல்லை, அது அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். எழுந்து வந்தாள். அவர் கையில் இருந்ததை அவள் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை.

"நீ ஏன் ஊத்தலை?" என்றார் திரவியம். "மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா? நீயெல்லாம் ஒரு டிரெய்னரா? என் மூஞ்சியைப் பாத்துட்டு டிக் போட்டா அது என்ன பரீட்சை?"

"ஏர் போனப்பவே தெரிஞ்சுது சார்" என்றாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அத்தனை பேர் வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. காசிவேலு சார்னா சிரிச்சிடுவார். நீங்க சிரிக்க மாட்டீங்க."

"அதுக்காக முதல் கட்டமா?"

"சார், தப்பா எடுத்துக்காதீங்க." அவள் டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "செய்யப் போறவங்களுக்குத்தான் தண்ணி ஊத்திப் பாக்கறது. காசிவேலு சார் நாலு வருசமா வர்றார், கேஸ் வந்தா எங்கிட்டதான் அனுப்புறார், கூடவே அவரும் வந்து நின்னு பாக்குறார். அவர் ஒருநாள் செய்வார் சார். உங்கள மாதிரி பெரியவங்க நெறைய பேர் வர்றாங்க. ரூம்ல மாட்டறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. நீங்களும் சுவத்துல மாட்டத்தான்னு நெனச்சேன் சார்."

திரவியத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாற்பதாயிரம் வயிறு. இந்த ஹாலில் இருந்த அத்தனை பேரையும் அவர் இரண்டு நாளாக எடைபோட்டுக் கழித்துக்கொண்டிருந்தார், இவள் ஒரே பார்வையில் அவரைக் கழித்து, சுவரில் மாட்டி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டிவிட்டாள். அவள் குரலில் கேலியே இல்லை. கேலி இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். கையிலிருந்த வயிற்றைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, நீலம் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒருத்தங்களுக்கு வச்சிருக்கேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்போதுதான் ஆச்சரியப்பட்டாள். அதைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை வருஷத்தில் ஒரு ஜூனியர் முன்னால் முதல் தடவையாக.

"தனியாவா சார்?"

"தனியாத்தான்."

"எங்க இருக்கு?"

"கீழ் வளைவு. ரெண்டு சென்டிமீட்டர் இருக்காது. நல்லா எடுக்கலாம்." சொல்லிவிட்டு, "எடுக்கத் தெரிஞ்சவங்க எடுக்கலாம்" என்றார்.

"இங்க கூட்டிட்டு வாங்க சார். வியாழக்கிழமை செய்யலாம். நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க."

"வேடிக்கை பாக்கவா?"

"ஆமா சார்" என்றாள் ஜெபசெல்வி. வயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி டிரேயில் வைத்தாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த தாளுக்குக் கை நீட்டினாள், அவர் கொடுத்தார். முதல் கட்டத்து டிக்கை அடித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் போட்டாள். அட்டையில் ஒரு புதுத்தாளைச் செருகிக்கொண்டு, "பேஷண்ட் பேர் என்ன சார்?" என்றாள்.

அவர் உறையைக் கழற்றினார். போனை எடுத்தார்.

"சிஸ்டர், அந்த சுரண்டை அம்மா பேர் என்ன?"

"மாடத்தி சார்."

மாடத்தி. அவ்வளவுதான். எங்கேயும் ஒளிந்திருந்த பேர் இல்லை அது, கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். ஜெபசெல்வி எழுதிக்கொண்டாள்.

"என்ன பண்ணிட்டு இருக்காங்க?"

"இங்கனதான் பெஞ்சில இருக்காவ. குளுக்கோஸும் வேண்டாம்னுட்டாவ சார். இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படலை."

"சாப்பிடச் சொல்லு."

"சார்? நாளைக்கு எட்டு மணிக்குலா..."

"நாளைக்கு இல்ல. எனக்கு அது தெரியாது, தெரிஞ்சவங்க செய்வாங்க, நான் வந்து சொல்றேன். நீ இப்ப மாடத்தியைச் சாப்பிடச் சொல்லு."